ராக்கு மொழித் தொகுதிகளை டெபியன் பொதிகளாக்குவது எப்படி?

காரைக்குடி ஆய்வகம்:
எங்கள் கல்லூரிக் கணினிகளில், 2019 வரை பெர்ல் 6 என்று வழங்கிய ராக்கு நிரல்மொழியை, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் களஞ்சியத்திலிருந்து நிறுவியுள்ளோம். மாணவர்கள் செஃப் என்ற நிறுவியைக் கொண்டு தத்தம் கணக்கில் தொகுதிகளை (ஆயத்த நிரல்களை) இறக்குவதால், ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு விதமாக நிற்கிறது. தொகுதிகளை டெபியனின் நிறுவல் கோப்புகளான டெப் பொதிகளாகக் கட்ட வழி உண்டா?

தேவகோட்டையான்:
உண்டு, ஐயா. ராக்கு மொழியின் தொகுப்பியான ரகுடோவுடன் வரும் இன்ஸ்டால்-டிஸ்ட் என்ற சிறுநிரலால் தொகுதியை, இயங்குதளப் பொதிகளுக்கு உரிய ‘வெண்டார்’ களஞ்சியத்தில் நிறுவுங்கள். ‘சைட்’ களஞ்சியம் கணினி நிர்வாகி கையால் நிறுவுவதற்கு உரியது. உண்மையான தலைவலி முன்தொகுத்த (இயக்கத்துக்கு ஏற்ற வடிவில் முன்பே மாற்றிவைத்த) கோப்புகள்தாம். அவை கட்டப்பட்ட ரகுடோ பதிப்போடு பிணைந்தவை என்பதால், அதே பதிப்பைப் பொதியின் சார்பாக (அது இயங்கத் தேவையானதாக) எழுதிவிட்டு, ரகுடோ மாறும்போதெல்லாம் அனைத்தையும் மறுபடி கட்ட வேண்டும்.

கானாடுகாத்தான்:
பொதி கட்டும்போது இணையத்தைத் தொடக்கூடாது என்பது டெபியன் விதி. ஆகவே தொகுதியின் விவரங்கள் அடங்கிய மெட்டா6.ஜேசன் கோப்பின் ‘டிபெண்ட்ஸ்’ (சார்புகள்) பகுதியில் உள்ள ஒவ்வொன்றையும் முன்னதாகவே பொதியாக்கியிருக்க வேண்டும். பாடத்துக்கு வேண்டியவற்றை மட்டும் எடுங்கள். ராக்கு தொகுதிகள் அனைத்துக்கும் ஆசைப்பட்டால் ஆயுசு போதாது. தேவையானது ஏற்கெனவே டெபியனில் இருக்கிறதா என்றும் முதலில் தேடிப் பாருங்கள்.

காரைக்குடி ஆய்வகம்:
மிக்க நன்றி. தேடிவிட்டு, விடுபட்டவற்றுள் சார்பு குறைந்ததிலிருந்து தொடங்குகிறோம்.