சியாங் மாயில் மட்டும் 10 நாள் தங்கினால் அலுத்துவிடுமா? (சைவச் சாப்பாடு பற்றியும் சொல்லுங்கள்)

பொருநைக்கரை:
வணக்கம். நவம்பரில் 12 நாள் லீவு கிடைத்திருக்கிறது. ஒரு முதுகுப்பையோடு தனியாகத் தாய்லாந்து போகிறேன். நண்பர்கள் பாங்காக், பட்டாயா, புக்கெட், கிராபி, சியாங் மாய் என்று ஐந்து ஊர் எழுதிக் கொடுத்தார்கள். படித்ததுமே களைப்பு வந்துவிட்டது. இரண்டு வருடமாக ராத்திரி ஷிப்ட். நிதானமாகச் சாப்பிட வேண்டும், கோயிலில் உட்கார வேண்டும், தூங்க வேண்டும், அவ்வளவுதான். சியாங் மாயிலேயே 10 நாள் இருந்தால் அலுக்குமா? முட்டை சாப்பிடுவேன், மீனும் இறைச்சியும் கிடையாது. அங்கே எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுவார்களாமே?

உப்புக்காற்று:
கிராபியை விட்டுவிடாதீர்கள். நவம்பரில் அந்தமான் கடல் பக்கம் மழை குறைய ஆரம்பித்துவிடும். நான்கு நாளாவது கடலுக்கு ஒதுக்குங்கள்.

மல்லிகா அக்கா:
தம்பி, அலுக்காது. நான் அங்கே 16 நாள் இருந்தேன், வேறு ஊர் எதற்கும் போகவில்லை. கடல் அழகுதான், ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ஓய்வு. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் பயணத்திலேயே போய்விடும்.

அறையைப் பழைய நகரத்துக்குள் எடுங்கள். 1296-ல் மங்ராய் மன்னர் அமைத்த சதுரமான நகரம் அது. சுற்றிலும் அகழி, ஒரு பக்கம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். வழி தப்பினாலும் கொஞ்ச தூரத்தில் அகழித் தண்ணீர் கண்ணில் பட்டுவிடும், அதை ஒட்டி நடந்தால் போதும்.

சாப்பாட்டுக்கு ‘ஜே’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் பலகையில் சிவப்பாக, பார்க்க 17 என்று எழுதினதுபோல இருக்கும். அந்தக் கடைகளில் மீன் சாறு கிடையாது. முட்டை, பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்கள். மற்ற கடைகளில் ‘மாய் சாய் நாம் ப்லா’ என்றால் மீன் சாறு வேண்டாம் என்று அர்த்தம். முட்டை கேட்கும்போது மட்டும் கவனம். அவர்கள் மொழியில் முட்டையும் கோழியும் நம் காதுக்கு ‘கை’ என்றே கேட்கும், முட்டைக்கு மூச்சை விட்டுச் சொல்ல வேண்டும். நான் முட்டை கேட்டு இரண்டு முறை கோழி வந்தது. அப்புறம் தட்டில் இருக்கிற முட்டையைக் கையால் காட்டிவிடுவேன்.

காவ் சோய் அந்த ஊர்ப் பெருமை. தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே அதே நூடுல்ஸைப் பொரித்து மொறுமொறுவென்று ஒரு கைப்பிடி, பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாயும் எலுமிச்சையும். வழக்கமாகக் கோழி போடுவார்கள், ஜே கடையில் காளான் போட்டதைச் சாப்பிட்டேன். காலையில் சந்தைப் பக்கம் போனால் ‘கனோம் க்ரோக்’ கிடைக்கும். நம் பணியாரக் கல் போலவே குழிகள், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி மேலே வெங்காயத்தாள் தூவுவார்கள். அடி முறுகல், நடுவில் பால் மாதிரி குழையும். தினமும் அதுதான் எனக்குக் காலைச் சாப்பாடு.

தோய் சுதேப் மலைக்கோயிலுக்கு எல்லோரும் சிவப்பு சோங்தேவில் (பின்பக்கம் இரண்டு பெஞ்சு போட்ட ஷேர் வண்டி) ஏறிப் போவார்கள். நீங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பின்னாலிருந்து வாட் பா லாட் வரைக்குமாவது காட்டுப்பாதையில் நடங்கள். மரங்களில் கட்டிய காவித் துணிதான் வழிகாட்டி. எனக்கு மெதுவாக ஒரு மணி நேரம் ஆனது. அந்தக் கோயிலில் பாறை மேல் ஓடை வழிந்து போகும். நான் அங்கே உட்கார்ந்து, மத்தியானம் வரை எழுந்திருக்கவே இல்லை. மலைக்கோயிலை மறுநாள் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் வாட் செடி லுவாங். 1545 நிலநடுக்கத்தில் கோபுரத்தின் மேல்பாகம் விழுந்தது, உச்சியில்லாமலே இன்றும் நிற்கிறது. பாங்காக்கில் இருக்கும் மரகத புத்தர் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தார். வளாகத்தில் பிக்குகளோடு உட்கார்ந்து பேச இடம் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் பழகுகிற ஓர் இளம் பிக்கு என்னிடம் பேசியது பெரும்பாலும் அவர் அம்மா அவிக்கும் ஒட்டரிசியைப் பற்றித்தான். தோளும் முழங்காலும் மூடின உடை போடுங்கள், புத்தர் பக்கம் கால் நீட்டாதீர்கள்.

மசாஜ்: தரையில் மெத்தை, தளர்வான பருத்தி உடை, எண்ணெய் கிடையாது. வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் ‘பாவ் பாவ்’ என்று சொல்லுங்கள், மெதுவாக அழுத்துவார்கள்.

ஊஞ்சல்மரம்:
பாங்காக்கில் ஒரு நாள் இருந்தால் வாட் சுதாட் முன்னால் நிற்கும் சிவப்பு ராட்சத ஊஞ்சலைப் பாருங்கள். அங்கே நடந்த விழாவின் பெயர் ‘திரியம்பாவாய் திரிபாவாய்’, நம் திருவெம்பாவை, திருப்பாவையிலிருந்து வந்தது. ஊஞ்சலாட்டத்தை 1935-ல் நிறுத்திவிட்டார்கள். அதன் முன் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பொருநைக்கரை:
அக்கா, ரொம்ப நன்றி. கிராபியை அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன். பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு ராத்திரி ரயிலில் போகலாமா?

மல்லிகா அக்கா:
தாராளமாக. ஏறக்குறைய 750 கிலோமீட்டர், ஒரு ராத்திரிப் பயணம். 2023 முதல் இந்த ரயில் குருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்துதான் கிளம்புகிறது, பழைய ஹுவா லம்போங்குக்குப் போய் நிற்காதீர்கள். கீழ்ப் படுக்கை கேளுங்கள், அகலம் அதிகம், ஜன்னலும் கிடைக்கும். லோய் க்ரதோங் பௌர்ணமி உங்கள் தேதிக்குள் வந்தால் அறையை இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். அன்று பிங் ஆற்றில் விளக்கு விடுவார்கள், ஊரே நிரம்பிவிடும்.