மீட்புத் தடமா, ஆழ்ச்சித் தட்டியா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பெகுவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மே பிற்பாதியில் மழை பிடித்துவிடும். அதற்குள் இங்கே பர்மாவில் நம் ஊர்களில் ஜீப்பும் ஹைலக்ஸ் பிக்கப்பும் ஓட்டுகிற பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத் தமிழ்த் தாள் ஒன்று அச்சடிக்கிறோம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியே சேற்றில் புதைந்துவிட்டால் டயருக்கு அடியில் கொடுக்கிற பலகையை வீட்டிலேயே செய்வது எப்படி என்பதுதான் விஷயம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். படம் தயார், அளவு தயார், பெயர்தான் இல்லை.

மொழிபெயர்த்த தம்பி 'மீட்புத் தடம்' என்று எழுதியிருக்கிறார். எனக்கு ஒட்டவில்லை. தடம் என்பது சக்கரம் போன பிறகு மண்ணில் கிடப்பது. நாம் கொடுப்பதோ சக்கரம் போவதற்கு முன்னால். மீட்பு என்றால் எங்கள் தெருவில் அடகு நகையைத்தான் நினைப்பார்கள்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். நாலடி நீளம், ஓரடி அகலம். பிளந்த மூங்கிலை நெருக்கி அடுக்கி, சாணுக்கு ஒரு குறுக்குச் சட்டம் வைத்துக் கட்டி, மேலே பழைய டயர்ப் பட்டையைக் கம்பியால் இறுக்குகிறோம். மூங்கிலின் தோல் பக்கம் கீழே இருக்கட்டும். நனைந்த தோல் எண்ணெய் தடவினது போல வழுக்கும். ஆணி அடிக்கவே கூடாது, டயரைக் கிழித்துவிடும். ஒரு முனையில் கயிறு கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஏறிப் போனபின் சேற்றுக்குள் தேடி எடுக்க முடியாது.

மோல்மேனிலிருந்து, ஐயா:

தம்பி, புதிதாக எதற்குத் தேடுகிறீர்கள்? நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுச் சொல் இருக்கிறது. புறநானூறு 60-ஐ எடுத்துப் பாருங்கள். உப்பு ஏற்றிக் கல் நாட்டுக்குப் போகும் வண்டியின் 'ஆழ்ச்சி போக்கும்' வலிய பகடு, அதாவது எருது, என்று வருகிறது. 90-ஆம் பாட்டில் ஔவையார் 'சாகாட்டு ஆழ்ச்சி சொலிய' என்கிறார். சாகாடு என்றால் வண்டி. ஆழ்ச்சி என்பது இதேதான், சக்கரம் அச்சு வரை மண்ணில் இறங்குவது. வண்டியின் இந்தத் துன்பத்துக்கென்று தனிச்சொல் வைத்திருந்தவர்கள் நாம். ஆகவே 'ஆழ்ச்சித் தட்டி' என்று வையுங்கள்.

இன்னும் அழகு வேண்டுமானால் 'சொலிதட்டி'. சொலித்தல் என்றால் பெயர்த்தெடுத்தல், உரித்தல். தோலைத் தொலி என்கிறோமே, சொலியும் தொலியும் உடன்பிறப்பு என்பது என் நெடுநாள் எண்ணம். சேறு வண்டியைத் தோல் போலப் பற்றியிருக்கிறது, அதை உரித்து எடுக்கிறோம். 102-ஆம் பாட்டில் உப்பு வணிகரான உமணர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டி வைத்த 'சேம அச்சு', அதாவது மாற்று அச்சு, வருகிறது. பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, யார் அறிவார் என்று முன்கூட்டியே கட்டியது. அப்படிப் பார்த்தால் 'சேமத்தட்டி'யும் ஆகும்.

ரங்கூன் பட்டறையிலிருந்து:

ஐயா, உங்கள் பாட்டைப் படித்ததும் மெய்சிலிர்த்தது. ஆனால் சொலிதட்டி என்று நான் சொன்னால் என் பையன்கள் 'என்ன சோலி?' என்று கேட்பார்கள். பட்டறையில் நாங்கள் 'டயருக்கு அண்டை குடு' என்றுதான் சொல்வோம். பொருளுக்குப் பெயர் மிதிபலகை. டயர் மிதிக்கிற பலகை, அவ்வளவுதான்.

ஒரு செய்தியும் சொல்லவேண்டும். 1920களின் கடைசியில் லிபியப் பாலைவனத்தைக் காரில் சுற்றிய ரால்ஃப் பேக்னால்டு என்ற ராணுவ அதிகாரி, மணலில் டயருக்கு அடியில் கொடுத்தது கெய்ரோவில் கிடைத்த எஃகுத் தகடுகள். அவை முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரையாகச் செய்யப்பட்டவை. என் பட்டறை வாசலில் கிடக்கும் துளைத் தகடு இரண்டாம் போரில் விமான ஓடுதளத்துக்குச் செய்தது: 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 30 கிலோ எடை. அந்த இரும்பைப் படைக்காரர்கள் பாய் என்று அழைத்தார்கள். இந்தப் பொருள் எப்போதும் வேறு எதற்காகவோ பிறந்து வந்ததுதான். எதனால் செய்தது என்று பார்த்துப் பெயர் வைத்தால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெயர் வரும். வேலையைப் பார்த்து வையுங்கள்.

பெயர் எதுவானாலும் தாளில் இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்: வண்டி நகரும்போது பலகைக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சக்கரம் சுழன்றால் பலகை பின்னால் பறந்து வரும். முதலில் டயரில் காற்றைக் குறை, முன்னால் இருக்கும் சேற்றைத் தோண்டு, பலகையின் முனையை டயருக்கு அடியில் சாய்த்துச் செருகு, அப்புறம் மெதுவாக ஏற்று.

தட்டோனிலிருந்து, ஆசிரியை:

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் மிதிபலகை என்றால் பஸ் வாசற்படியைத்தான் நினைப்பார்கள். மூங்கிலும் டயர்ப் பட்டையும் கட்டிச் செய்ததைப் பலகை என்று சொல்லவும் வராது. கட்டிச் செய்தது எல்லாம் தட்டிதான், அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே சிக்கல், 'சக்கரத்துக்கு அடியில் தட்டி வை' என்றால் தட்டுகிற தட்டியா, பின்னின தட்டியா? என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். பாதிப் பேர் கையால் தட்டிக் காட்டினார்கள்.

அதனால் 'ஏறுதட்டி' என்கிறேன். ஏறிய, ஏறுகிற, ஏறும் தட்டி. வினைத்தொகை, எனவே இடையில் த் வராது. அச்சகத்தில் 'ஏறுத்தட்டி' என்று போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேறு, மணல் இரண்டுக்கும் பொருந்தும். ஐயாவுக்கு ஒன்று: ஏறு என்றால் காளையும் அல்லவா? ஆழ்ச்சி போக்கிய பகடு இந்தச் சொல்லுக்குள்ளேயே நிற்கிறது.

பெகுவிலிருந்து:

நேற்று மாலை சோதித்துப் பார்த்தோம். வாய்க்கால் உடைத்துவிட்ட வயல் ஓரத்தில் என் ஜீப்பை வேண்டுமென்றே இறக்கினேன். பின்சக்கரம் பாதி வரை போய்விட்டது. தட்டியைச் செருகி ஏற்றியபோது மூங்கில் நெறுநெறு என்றது. சட்டங்களுக்கு நடுவில் இருந்து சேறு பட்டை பட்டையாகப் பிதுங்கி வந்தது. டயர்ப் பட்டை மேல் சக்கரம் ஒரு முறை வழுக்கி, அப்புறம் பிடித்துக்கொண்டது. வெளியே வந்துவிட்டோம்.

இன்ஜின் சத்தத்தில் ஓட்டுகிறவர் காதில் எது விழுகிறது என்றும் பார்த்தோம். 'மீட்புத் தடம்' விழவே இல்லை. 'ஆழ்ச்சித் தட்டி'யில் தட்டி மட்டும் கேட்டது. 'ஏறுதட்டி!' என்று கத்தியது முழுதாகக் கேட்டது. முழங்கால் சேற்றில் நின்று கத்துகிறவன் வாயில் வராத சொல் தாளில் இருந்து என்ன பயன்? எனக்கு இதுவே முடிவு.

இதுவரை எழுதியவர்களில் ஏறுதட்டிக்கு ஏழு பேர், மிதிபலகைக்கு மூன்று பேர், ஐயா தனி. நான்கு பேர் எதுவானாலும் சரி, முதலில் அச்சடியுங்கள் என்கிறார்கள். நாளை கொடுத்துவிடுகிறேன்.

மோல்மேனிலிருந்து, ஐயா:

கொடுங்கள். காளையைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம் அம்மா. காளையாகக் கொண்டால் உங்கள் வினைத்தொகை போய்விடும். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொள்ள முடியாது. நான் உடன்படவில்லை என்பது பதிவில் இருக்கட்டும்.

தம்பி, தாளின் முதல் வரியில் 'வண்டி ஸ்டக் ஆனால்' என்று இருக்கிறது. தட்டிக்கு எந்தப் பெயரையும் வையுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் 'வண்டி ஆழ்ந்தால்' என்று மாற்றிக் கொடுங்கள். அது எந்தப் பையனுக்கும் புரியும்.