33: சூட்டிலா, ஆறிய பிறகா?

எண்ணூர் நெடுஞ்சாலை
நேற்று மணலி நண்பர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "மாதம் ஒரு முறை பெட்ரோல் பங்க்கில் டயர் காற்றழுத்தத்தை 33 பிஎஸ்ஐ ஆக்கிவிட்டு ரீசெட் பொத்தானை அழுத்துங்கள், மற்றதைக் காற்றுக் குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு பார்த்துக்கொள்ளும்" என்கிறார். உச்சி வெயிலில் ஓட்டிவந்த டயரில் 37 காட்டியதாம், நான்கை வெளியேற்றி 33 ஆக்கினாராம். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் 33 ஆறிய டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். சூட்டில் 33 ஆக்கினால் விடியற்காலையில் 29 தான் இருக்கும்.

மணலி ஓட்டுநர்
33 என்று ஒட்டியிருக்கிறது, 33 வைத்தேன். விளக்கும் எரியவில்லை. இதில் என்ன குற்றம் கண்டீர்கள்?

எண்ணூர் நெடுஞ்சாலை
விளக்கு எரியாததுதான் குற்றம்! பொத்தானை அழுத்தினால் டயருக்குள் காற்று ஏறாது. "இப்போது இருப்பதுதான் சரியான அளவு" என்று வண்டிக்குச் சொல்கிறீர்கள், அவ்வளவே. நீங்கள் தவறான அளவைக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். இனி அதிலிருந்தும் ஏறத்தாழ கால் பங்கு இறங்கிய பிறகே அது எச்சரிக்கும். அதுவரை டயரின் பக்கச் சுவர் நசுங்கிச் சூடேறிக்கொண்டிருக்கும்.

கொருக்குப்பேட்டை
இருவரும் ஒன்றைச் சொல்லுங்கள். அந்த வண்டியில் சக்கரத்துக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறதா, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) காட்டும் சக்கர வேகத்தை வைத்துக் கணிக்கும் வகையா? காற்றுக் குறைந்த சக்கரம் சற்று வேகமாகச் சுழலும் என்பதை வைத்து இரண்டாம் வகை வேலை செய்கிறது. ரீசெட் அதற்குத்தான் முக்கியம். முதல் வகையில் கதை வேறு.

மணலி ஓட்டுநர்
எந்த வகையானால் என்ன? 33 என்றால் 33. போன வாரம் பேட்டரி விவாதத்திலும் இதே எண்ணூர்க்காரர்தான் எனக்குப் பாடம் எடுத்தார். நான் 18 ஆண்டுகளாகக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறேன். ஒரு டயர்கூட வெடித்ததில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலை
பேட்டரியில் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது, அதையும் நீங்கள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. வெடிக்காதது உங்கள் நல்ல நேரம். ஆறிய டயருக்கு 33. சூட்டில் 37 காட்டினால் கை வைக்காதீர்கள்.

காசிமேடு
நைட்ரஜன் பிடியுங்கள், இந்தச் சண்டையே வராது.

எண்ணூர் நெடுஞ்சாலை
நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டில் அதுவும் விரியும். நைட்ரஜனுக்கும் ஆறிய 33 தான்.

ராயபுரம் கடற்கரை
காற்றை விடுங்கள், வால்வைக் கவனியுங்கள். பளபளப்புக்காகப் பித்தளை மூடி வாங்கிப் போட்டேன். சென்சாரின் அலுமினியத் தண்டோடு உப்புக்காற்றில் அரித்து ஒட்டிக்கொண்டது. திருகியபோது தண்டே முறிந்தது. கடலோரத்தில் இருப்பவர்கள் பிளாஸ்டிக் மூடியே போடுங்கள். அந்த சென்சாரின் பேட்டரியும் ஐந்து முதல் பத்து ஆண்டுதான் வரும். விளக்கு ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால் அமைப்பில்தான் பழுது.

காசிமேடு
பித்தளை மூடி எனக்கு ஆறு ஆண்டாக நன்றாகத்தான் இருக்கிறது. கடலுக்கு என்னைவிட நீங்கள் பக்கமா?

மணலி ஓட்டுநர்
இந்த விளக்கை நம்பித்தான் 2020 இல் ஸ்டெப்னியே தேவையில்லை என்று அரசு விதியைத் தளர்த்தியது. அரசு நம்புகிறது, எண்ணூர்க்காரர் நம்ப மாட்டாராம்.

எண்ணூர் நெடுஞ்சாலை
பாதியை விழுங்கிவிட்டுப் பேசாதீர்கள். டியூப் இல்லாத டயரும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் வண்டியில் இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. விளக்கு நமக்குத் துணை, காற்றழுத்தம் அளக்கும் கேஜுக்கு மாற்று அல்ல. என் தங்கை குழந்தைகளோடு போகும் சாலை இது. முன்னால் போகும் வண்டியின் டயர் கிழிந்தால் பின்னால் வரும் டிரெய்லர் சட்டென்று நிற்காது. அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன். நாளைக் காலை ஆறு மணிக்கு, சாவியைத் திருப்புவதற்கு முன், நான்கு சக்கரத்திலும் கேஜ் வைத்துப் பார்த்து எண்ணை இங்கே எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டை
எந்த வகை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

மணலி ஓட்டுநர்
உங்கள் கட்டளைக்கு நான் காலை ஆறு மணிக்கு எழ வேண்டுமா? எழுத மாட்டேன். என் வண்டியில் 33.

எண்ணூர் நெடுஞ்சாலை
29.