வைனில் வேகவைக்கும் பிரெஞ்சு மாட்டுக்கறி: புளிப்பு, சக்கை, தண்ணிக் குழம்பு. எங்கே தப்பு?

சிப்புட்_அடுப்பு:
பூஃப் பூர்கிஞோன். எலும்பில்லாத தொடைக்கறி 1 கிலோ, நம் பிரட்டலுக்கு வெட்டுகிற அளவு துண்டு. சிவப்பு வைன் ஒரு முழு போத்தல், பிரஷர் குக்கரில் 6 விசில். கறி நார் நாராகப் பிரிகிறது, மென்றால் சக்கை. குழம்பு ஊதா நிறம், நல்ல புளிப்பு, தண்ணியாக நிற்கிறது. ஓவன் இல்லை, கேஸ் அடுப்புதான். கிறிஸ்மஸுக்கு 6 பேருக்கு வைக்க வேண்டும். மட்டமானது வைனா, கறியா?

பழைய_தோட்டம்:
இரண்டும் இல்லை. எடுத்த பாகமும் சூடும்தான் தப்பு.

தொடைக்கறியில் கொழுப்பும் சவ்வும் குறைவு. எவ்வளவு வெந்தாலும் காயும். இந்தச் சமையலுக்குக் கால் சதையோ தோள் சதையோ வேண்டும். மார்க்கெட்டில் மலாயில் 'கெத்திங்' என்று கேட்டால் கால் சதை தருவார்கள். வெட்டினால் நடுவில் வெள்ளைக் கோடுகள் ஓடும். அந்தச் சவ்வுதான் மெல்ல உருகிப் பசையாகிக் குழம்புக்கு உடம்பு கொடுக்கிறது. பெட்டியில் வரும் உறைந்த இந்திய எருமைக்கறி என்றால் கூடுதலாக ஒரு மணி நேரம் வையுங்கள், அதில் கொழுப்பு குறைவு.

6 பேருக்கு 1.2 கிலோ. துண்டு 5 சென்டிமீட்டர், வெந்ததும் நன்றாகச் சுருங்கிவிடும். டிஷ்யூவால் ஈரத்தை ஒற்றி எடுத்து, நாலு தடவையாகப் பிரித்து வறுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் தண்ணீர் விட்டு அவியும், சிவக்காது. சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டுவதை வைன் விட்டுச் சுரண்டிச் சேருங்கள். கறுத்துவிட்டால் துடைத்துப் போட்டுவிடுங்கள், கசக்கும்.

பிறகு இரண்டரை முதல் மூன்று மணி நேரம், அங்கங்கே ஒரு குமிழி மட்டும் மேலே வந்து உடைகிற சூட்டில். சின்ன பர்னரிலும் தளதளவென்று கொதித்தால், சட்டிக்கு அடியில் பழைய இரும்புத் தோசைக்கல்லைப் போடுங்கள். முள்கரண்டி குத்தினால் இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது.

கேரட்_ரெண்டு:
குழம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குக்கரில் ஆவி வெளியே போகாது, அதனால்தான் தண்ணியாக நின்றது. அதே காரணத்தால் வைனின் பச்சை வாடையும் உள்ளேயே அடைபட்டது.

ஒன்று கவனியுங்கள்: கொதிக்கக் கொதிக்க ஆல்கஹால் குறையும், புளிப்பு குறையாது, இன்னும் செறியும். அதைச் சமன்படுத்துவது கேரட் 2, பெரிய வெங்காயம் 1, நன்றாக வதக்கிய தக்காளி பேஸ்ட் ஒரு மேசைக்கரண்டி, அப்புறம் அந்தச் சவ்வின் பசை. சீனி போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

போத்தல் 750 மில்லி, உப்பில்லாத எலும்புத் தண்ணீர் 400 மில்லி. இந்தச் சமையலுக்குப் பெயர் தந்த பிரான்சின் பூர்கோன் வட்டாரத்தின் சிவப்பு வைன் திராட்சை பினோ நுவார். ஈப்போவில் அது விலை கூட என்றால் மெர்லோ போதும். இனிப்பு வைன் வேண்டவே வேண்டாம். துவர்ப்பு அதிகமான கெபர்னே சுண்டினால் நாக்கைப் பிடிக்கும். அலுமினியச் சட்டியும் ஆகாது, புளிப்பு பட்டு உலோக வாடை ஏறும்.

வறுத்த கறிமேல் 2 மேசைக்கரண்டி கோதுமை மாவு தூவிப் பச்சை வாடை போகப் பிரட்டி, பிறகு வைன். கடைசியிலும் தண்ணியாக இருந்தால் வெண்ணெய் 30 கிராம், மாவு 30 கிராம் பிசைந்து கிள்ளிக் கிள்ளிப் போட்டு 5 நிமிடம் வையுங்கள். உப்பு கடைசியில்தான், குழம்பு சுண்டும்.

சிப்புட்_அடுப்பு:
நன்றி. பிரிஞ்சி இலை போட்டேன், லேசாகப் பிரியாணி வாசம் வந்தது. வீட்டில் பன்றி சேர்ப்பதில்லை, இந்தச் சமையலில் போடும் பேக்கனுக்கு (உப்பிட்ட பன்றிக்கறி) என்ன செய்வது? மாட்டுக்கறி புழங்காத சொந்தக்காரர்களும் வருவார்கள்.

குசினிக்காரி:
இலையைத் திருப்பிப் பாருங்கள் தங்கச்சி. நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடினால் அது நம் பிரிஞ்சி இலை, லவங்கப்பட்டை ஜாதி. பிரெஞ்சுக்காரர்கள் போடும் லாரல் இலைக்கு நடுவில் ஒரே நரம்பு. இந்தோனேசிய சாலாம் இலையும் வேறு. லாரல் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், காய்ந்த தைம் ஒரு தேக்கரண்டி போதும்.

பேக்கனுக்குப் பதில் மாட்டு பேக்கன் 100 கிராம். இல்லையென்றால் வெண்ணெயைக் கொஞ்சம் கூட்டுங்கள். இதில் போடும் முத்து வெங்காயத்துக்குப் பதில் நம் சின்ன வெங்காயம் அருமையாக நிற்கும்: 20 உரித்து, வெண்ணெயும் கால் டம்ளர் தண்ணீரும் விட்டு, தண்ணீர் வற்றிப் பளபளக்கும் வரை தனியாக வதக்குங்கள். காளான் 250 கிராம், அதுவும் தனியாகப் பெரிய தீயில். இரண்டையும் இறக்குவதற்கு 15 நிமிடம் முன்னால்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் கரைந்துவிடும்.

சொந்தக்காரர்களுக்கு ஆட்டு முன்னங்காலில் தனிச் சட்டி, தனிக் கரண்டி. அதற்கு எலும்புத் தண்ணீரும் ஆட்டெலும்பில்தான், மாட்டு பேக்கன் கூடாது. இரண்டு மணி நேரத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். வைன் முழுதாக ஆவியாகிவிடாது, மலாய் அண்டை வீட்டுக்கு இதைக் கொடுத்தனுப்பாதீர்கள்.

முதல் நாளே வைத்தால் ருசி கூடும். நம் ஊர்ச் சூட்டில் ராத்திரி அடுப்பிலேயே விட்டால் கெடும். அகலப் பாத்திரத்தில் ஊற்றி ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே கட்டியிருக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, சின்னத் தீயில் சூடாக்குங்கள்.