பேலட்டில் கட்சி இல்லை, வாசலில் கொடுத்த தாளில் இருந்தது

ஃபேர்ஃபாக்ஸ் அப்பா:

ஸ்கூல் போர்டு (ஊர்ப் பள்ளிகளை நடத்த மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை) தேர்தலில் கட்சிக்காரர்களோடு உங்களுக்கு என்ன அனுபவம்? என்னுடையதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபின் நான் போட்ட முதல் ஓட்டு 2019 நவம்பரில். என் மகள் படித்த எலிமெண்டரி ஸ்கூலின் ஜிம்தான் பூத். வெளியே இரண்டு மேசை, இரண்டு கட்சி, இரண்டு கலரில் சாம்பிள் பேலட் (யாருக்குப் போட வேண்டும் என்று கட்சி அச்சடித்த மாதிரி வாக்குச்சீட்டு). வர்ஜீனியாவில் பூத் வாசலிலிருந்து 40 அடிக்குள் யாரும் பிரச்சாரம் செய்யக்கூடாது. அந்த 40 அடி எங்கே முடிகிறதோ, சரியாக அங்கே நிற்கிறார்கள். ஊரில் 100 மீட்டர் கோட்டுக்கு அப்பால் மேசை போட்டு பூத் சிலிப் எழுதிக் கொடுப்பார்களே, அந்த ஞாபகம் வந்தது. டீயும் வடையும்தான் இல்லை.

உள்ளே போனால், ஸ்டேட் செனட்டுக்கு நிற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் கட்சி போட்டிருந்தது. ஸ்கூல் போர்டுக்கு வெறும் பெயர்கள். உள்ளூர்ப் பதவி எதற்குமே இங்கே பேலட்டில் கட்சி அச்சிடுவதில்லை. அந்தப் பெயர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. மூன்று வருடமாகப் பிள்ளையை இதே ஸ்கூலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன், ஒருவரையும் தெரியாது! பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த கலர் தாளை எடுத்து, அதில் இருந்தபடியே குத்திவிட்டு வந்தேன். பக்கத்துத் தடுப்பில் நின்ற அம்மாவின் கையிலும் ஒரு தாள் இருந்தது.

அந்த வருடம் எங்கள் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) போர்டின் 12 இடங்களிலும் ஜெயித்தது ஜனநாயகக் கட்சி ஆதரித்தவர்கள்தான். 2023லும் அப்படியே 12க்கு 12. இதில் சதி எதுவும் இல்லை. கவுண்டியின் பெரும்பான்மை அந்தப் பக்கம், அவ்வளவுதான். ஆனால் இதற்கு என்ன அர்த்தம்? நவம்பரில் நடப்பது வெறும் கையெழுத்து. உண்மையான தேர்தல் அதற்குப் பல மாதம் முன்னால், கட்சி கமிட்டி யாருக்கு எண்டார்ஸ்மெண்ட் (கட்சியின் ஆதரவு) கொடுப்பது என்று முடிவு செய்யும்போதே முடிந்துபோகிறது.

அதை நேரில் பார்த்தது ஒரு நண்பரால். நம் ஆள், மதுரைப் பக்கம். பக்கத்துக் கவுண்டி ஒன்றில் இருக்கிறார். எந்தக் கவுண்டி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். பிடிஏ பொருளாளராக இருந்தவர், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கு சொல்லிக் கொடுப்பவர். போர்டுக்கு நிற்க ஆசைப்பட்டார். பேலட்டில் பெயர் வர 125 வாக்காளர்களின் கையெழுத்து போதும். கோயில் வாசலிலும் ஸ்கூல் பார்க்கிங்கிலும் நின்று இரண்டே வாரத்தில் வாங்கிவிட்டார். அப்புறம் யாரோ, "எண்டார்ஸ்மெண்ட் இல்லாமல் நின்றால் டெபாசிட்கூடத் தேறாது" என்றார்கள். (இங்கே டெபாசிட் கிடையாது. சொன்னவரும் நம் ஆள்.)

கமிட்டிக் கூட்டத்துக்கு நானும் துணைக்குப் போனேன். ஆளுக்கு மூன்று நிமிடப் பேச்சு, பிறகு கேள்வி. துப்பாக்கிச் சட்டம் பற்றிக் கேட்டார்கள், கருக்கலைப்பு பற்றிக் கேட்டார்கள், போன தேர்தலில் யாருக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினீர்கள் என்று கேட்டார்கள். இவர் ஸ்கூல் பஸ் டிரைவர் பற்றாக்குறைக்கு ஒரு பக்கம் கணக்குப் போட்டு எடுத்து வந்திருந்தார். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பத்து வருடமாகக் கட்சிக்கு உழைத்த ஒருவருக்கு எண்டார்ஸ்மெண்ட் போனது. கிடைக்காவிட்டால் எதிர்த்து நிற்கமாட்டேன் என்று இவர் முன்னாலேயே எழுதிக் கொடுத்திருந்ததால், 125 கையெழுத்தும் அவர் வீட்டு டிராயரில் தூங்குகின்றன.

கோபம் வந்தது. ஆனால் காரில் திரும்பும்போது அவரே, "அந்தம்மா பத்து வருஷம் மழையிலயும் பனியிலயும் நின்னிருக்காங்க. நான் போன மாசம்தான் மெம்பர் ஆனேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆஷ்பர்ன் அம்மா:

உங்கள் நண்பருக்கு டிராயர் வரையாவது போக முடிந்தது. எனக்கு அதுவும் இல்லை. நான் மத்திய அரசு ஊழியர். 1939ல் வந்த ஹேட்ச் சட்டத்தின்படி நாங்கள் கட்சி வேட்பாளராகத் தேர்தலில் நிற்கக்கூடாது. கட்சி சாராத தேர்தல் என்றால் நிற்கலாம். ஸ்கூல் போர்டு அப்படித்தானே என்று சந்தோஷமாக ஆபீஸில் விசாரித்தேன். "பேலட்டில் கட்சி இல்லாதது சரி. ஆனால் நீங்கள் கட்சி எண்டார்ஸ்மெண்ட் கேட்டால் அது கட்சித் தேர்தலாகிவிடும்" என்றார்கள். கேட்காமல் நின்றால் அந்தக் கலர் தாளில் என் பெயர் வராது. வாஷிங்டனைச் சுற்றி இருக்கிற ஊர்களில் அரசு வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர்! அத்தனை பேருக்கும் இதுதான் நிலைமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 ஜூனில் எங்கள் லவுடன் கவுண்டி போர்டுக் கூட்டம் ரகளையாகி, பொதுமக்கள் பேச்சை நிறுத்தி, போலீஸ் ஹாலைக் காலி செய்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் வீட்டு முன்னால் யார்டு சைன் (தேர்தல் பிரச்சாரப் பலகை) வைக்கவே ஆட்களுக்குப் பயம். கொலு அழைப்புக்குப் போனால்கூட "நீங்க எந்த சைடு?" என்று கேட்டார்கள். சுண்டல் கையில் இருக்கும்போது கேட்கிற கேள்வியா அது?

சென்டர்வில் தாத்தா:

ஃபேர்ஃபாக்ஸில் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்த டிஜே (தாமஸ் ஜெஃபர்சன்) ஹைஸ்கூல் விஷயத்தை யாரும் எழுதவில்லையே. 2020 அக்டோபரில் போர்டு நுழைவுத் தேர்வை நீக்கியது. அடுத்த பேட்சில் ஆசியப் பிள்ளைகளின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54க்கு இறங்கியது. பெற்றோர் போட்ட வழக்கில் 2022ல் மாவட்ட நீதிபதி அவர்கள் பக்கம், 2023ல் அப்பீல் கோர்ட் போர்டு பக்கம், 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுக்கவே இல்லை. என் வீட்டில் மகன் தேர்வு வேண்டும் என்கிறான். மருமகள், "கோச்சிங் கிளாஸுக்கு ஆயிரக்கணக்கில் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?" என்கிறாள். இருவரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: "நம் பிரதிநிதி" என்று ஒருவரை அனுப்பினால் அவர் மகன் பக்கம் பேசுவாரா, மருமகள் பக்கம் பேசுவாரா? தமிழர் என்பதால் மட்டும் அது தெரிந்துவிடாது.

எடிசன்வாசி:

நியூ ஜெர்சியிலும் பேலட்டில் கட்சி கிடையாது. ஆனால் மூன்று வார்த்தைக்குள் ஒரு வாசகம் போட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று பேர் அணி சேர்ந்து ஒரே வாசகத்தில் நிற்பார்கள். எல்லா அணிக்கும் பிள்ளைகள்தான் முக்கியம், அதில் குறையே வைக்கமாட்டார்கள்! யார் பின்னால் எந்தக் கட்சி என்பது ஊரில் இருப்பவனுக்கு மட்டும் தெரியும், புதிதாக வந்தவன் முழிக்க வேண்டியதுதான்.

2017ல் எங்கள் தபால்பெட்டிக்கு ஒரு அட்டை வந்தது. போர்டுக்கு நின்ற ஒரு சீனர், ஒரு இந்தியப் பெண்மணி, இருவர் படத்தின் மேலும் "நாடு கடத்து" என்று முத்திரை. அனுப்பியவர் பெயர் இல்லை. என் அம்மா அப்போது விசிட்டில் வந்திருந்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல உன் பேர் இல்லையே?" என்றார். அந்த வருடம் கட்சி, வாசகம் எதையும் நான் பார்க்கவில்லை. இருவரும் ஜெயித்தார்கள்.

ஸ்காபரோ மாமா:

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கட்சி எண்டார்ஸ்மெண்ட் என்று வெளிப்படையாக எதுவும் இல்லை. ஆனால் யார் எந்தக் கட்சி என்று எங்கள் சனத்துக்கு வேட்பாளரை விட நன்றாகத் தெரியும். நீதன் சாண் ஒன்ராறியோ என்டிபி கட்சியின் பிரசிடெண்டாக இருந்தவர். 2016 இடைத்தேர்தலில் ரொறொன்ரோ கல்விச்சபைக்கு வந்தார், 2017ல் நகரசபைக்குப் போனார், 2022ல் திரும்பவும் கல்விச்சபை. யுவனிதா நாதன் 2010ல் யோர்க் கல்விச்சபை, 2022ல் மார்க்கம் நகரசபை, 2025ல் லிபரல் எம்பி. "கல்விச்சபை அவர்களுக்கு ஏணிப்படி" என்று சிலர் குறை சொல்வார்கள். படியில் ஏறாமல் மேலே போனவர் யார் என்று நான் கேட்பேன்.

என் கதை வேறு. ஒரு தேர்தலில் எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைக்காக வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தேன். வாக்களிக்கப் போனால் என் வாக்குச்சீட்டில் அந்தப் பெயரே இல்லை! நாங்கள் கத்தோலிக்கர். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது கத்தோலிக்கப் பள்ளிக்கு ஆதரவாளர் என்று பதிந்திருக்கிறோம். அதனால் எனக்குக் கத்தோலிக்கக் கல்விச்சபைச் சீட்டுத்தான் கிடைக்கும். மனைவி இன்றைக்கும் சிரிக்கிறாள்.

கடைசியில் 2025 ஜூனில் மாகாண அரசு ரொறொன்ரோ கல்விச்சபைக்கு மேற்பார்வையாளர் ஒருவரை நியமித்துவிட்டது. நாங்கள் தெரிந்தெடுத்தவர்களின் கையில் அதிகாரம் இல்லை. அதைச் செய்தது கட்சி அரசுதான்.

சான் பிரான்சிஸ்கோ, க்ரீன் கார்டு வரிசையில்:

எல்லோரும் ஓட்டுப் போட்ட கதையைச் சொல்கிறீர்கள். பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள் பப்ளிக் ஸ்கூலில், இன்னும் எச்1பி வேலை விசாதான். நல்ல வேளையாக இந்த ஊரில் 2016ல் ஒரு தீர்மானம் ஜெயித்தது. குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டுக்கு மட்டும் ஓட்டுப் போடலாம். சந்தோஷமாக ஃபாரத்தை எடுத்தேன். நீங்கள் தரும் விவரம் குடியேற்றத் துறைக்குப் போகக்கூடும் என்று எச்சரிக்கை போட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் மூன்று போர்டு உறுப்பினர்களை ரீகால் செய்த (பதவிக்காலம் முடியும் முன்பே ஓட்டுப் போட்டு நீக்கிய) தேர்தலில், வீட்டில் இரண்டு நாள் யோசித்து, கடைசியில் பதிவு செய்து போட்டேன். கட்சி எதுவும் என்னைத் தேடி வரவில்லை. என் பெயர் எந்தப் பட்டியலில் இருந்தது, அவர்கள் வருவதற்கு?

ஃபேர்ஃபாக்ஸ் அப்பா:

ஆஷ்பர்ன் அம்மா சொன்ன ஹேட்ச் சட்டம் எனக்குப் புதுச் செய்தி. தாத்தா, உங்கள் வீட்டுச் சண்டை எங்கள் வாட்ஸ்ஆப் குரூப்பிலும் நடந்தது. அட்மின் இரண்டு நாளைக்கு யாரும் எழுத முடியாதபடி பூட்டி வைத்தார்.

நண்பர் மறுபடி நிற்பாரா என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். தெரியவில்லை. அவர் இப்போது கமிட்டியில் தீவிரம். போன தேர்தலன்று அவர் ஏரியா வழியாகப் போனேன். 40 அடிக் கோட்டுக்கு வெளியே, குளிருக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு கட்டுத் தாளோடு நின்றிருந்தார். காரை நிறுத்தி இறங்கியதும் பழக்கதோஷத்தில் எனக்கும் ஒன்றை நீட்டினார். அப்புறம், "நீங்க எங்க கவுண்டி இல்லையே" என்று திரும்ப வாங்கிக் கட்டில் செருகிக்கொண்டார்.