நிஃப்டி பங்குகளில் 67 சதவீதத் துல்லியம்: எங்கே தவறியிருக்கிறேன்?

கயல்:
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி 50 குறியீட்டில் உள்ள ஐம்பது பங்குகளின் 2005 முதல் 2023 வரையிலான தினசரி விலைகளை வைத்து, மறுநாள் ஒரு பங்கு ஏறுமா இறங்குமா என்று கணிக்க எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறையில் கணிப்பு மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்தேன். பங்கின் கடந்த 20 நாள் ஏற்ற இறக்கம், வர்த்தக அளவு, நிஃப்டியின் அன்றைய மாற்றம், டாலரின் ரூபாய் மதிப்பு ஆகியவை உள்ளீடுகள். ஒரு பங்கின் ஒரு நாள் தரவு ஒரு வரிசை. வரிசைகளைக் கலைத்துப் போட்டு ஐந்தில் ஒரு பகுதியைச் சோதனைக்கு ஒதுக்கினேன். துல்லியம் 67 சதவீதம். நெறியாளர் மகிழ்ந்துபோய்க் கட்டுரையாக எழுதச் சொல்லிவிட்டார். எனக்கோ மூன்று நாளாகத் தூக்கமில்லை. எங்கோ பிழை இருக்கிறது, கண்ணில் படவில்லை.

தராசு:
கட்டுரையை அனுப்பாமல் இங்கே கேட்டீர்களே, அதுவே எனக்கு நிறைவாக இருக்கிறது. பிழை கலைத்துப் போட்டதில் இருக்கிறது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஏறத்தாழ 13 சதவீதம் சரிந்தது. அதற்கு முந்தைய வர்த்தக நாளுக்கு உங்களிடம் ஐம்பது வரிசைகள் இருக்கும். நாற்பது பயிற்சிக்கும் பத்து சோதனைக்கும் போயிருக்கும். நிஃப்டி மாற்றமும் டாலர் மதிப்பும் ஐம்பதுக்கும் ஒன்றே. அந்த இரண்டு எண்களை வைத்தே மாதிரி தேதியை அடையாளம் கண்டுகொள்ளும். மறுநாள் எல்லாம் விழுந்தன என்பதை நாற்பது வரிசைகளிலிருந்து மனப்பாடம் செய்திருக்கும். 2017 வரை பயிற்சி, 2018 முதல் சோதனை என்று தேதியால் பிரித்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஐம்பது பங்குகளின் பட்டியலை எங்கிருந்து எடுத்தீர்கள்? இன்றைய பட்டியல் என்றால் அதில் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனம் இருக்காது. 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளிவந்ததும் அந்தப் பங்கு ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் மதிப்பிழந்தது. சில நாள்களில் நிஃப்டியிலிருந்தும் நீக்கப்பட்டது. அப்போது நான் ஒரு வங்கியின் இடர் மேலாண்மைப் பிரிவில் இருந்தேன். அன்றிரவு எங்களில் ஒருவரும் நேரத்துக்கு வீடு திரும்பவில்லை. உங்கள் மாதிரி அப்படியொரு நாளைப் பார்த்ததே இல்லை. 2020 மார்ச்சில் வெளியேறிய யெஸ் வங்கியையும் பார்த்திருக்காது. துல்லியத்தை இது அதிகம் மாற்றாமல் போகலாம். லாபக் கணக்கை நிச்சயம் ஊதிப் பெரிதாக்கும்.

வெண்ணிலா:
லாபம் கணக்கிடும்போது பங்குப் பரிவர்த்தனை வரியைக் கழித்தீர்களா? டெலிவரியில், அதாவது அன்றே விற்காமல் பங்கைக் கணக்கில் வைத்துக்கொண்டால், வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். முழு முதலீட்டையும் தினமும் வாங்கி விற்றுப் புரட்டினால், ஆண்டுக்கு 250 வர்த்தக நாள்களில் வரி மட்டுமே முதலீட்டில் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடும். தரகுக் கட்டணம் தனி.

கயல்:
தராசு ஐயா, தேதியால் பிரித்தேன். 67 என்பது 51.8 ஆகிவிட்டது. பட்டியலும் இன்றையதுதான், சத்யத்தின் ஒரு வரிசைகூட என்னிடம் இல்லை. வெண்ணிலா சொன்ன வரியையும் கழித்தபின் லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை. நேற்று நெறியாளரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், அந்தந்த ஆண்டின் பட்டியலைத் தொகுத்து, எந்தப் பிழை எவ்வளவு ஊதிக் காட்டியது என்பதையே ஆய்வாக எழுதலாமா என்று கேட்டார். சேர்க்கை, நீக்க அறிவிப்புகளை இன்று காலை முதல் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். 2008 வரை வந்துவிட்டேன்.

தராசு:
ஒவ்வொரு மாற்றத்துக்கும் அறிவித்த தேதி, நடைமுறைக்கு வந்த தேதி இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்ததுமே விலை நகரத் தொடங்கிவிடலாம்.