விஆர்எஃப் பிரித்தேன், ஸ்கேன் படங்கள் மருத்துவர்களுக்குப் போகவில்லை

பொருநைக்கரை கேட்டது:

300 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் நெட்வொர்க்கை நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். பிரிண்டரில் தாள் சிக்கினாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். பழைய கட்டடம், புதிய கட்டடம் இரண்டிலும் தலா ஒரு லேயர் 3 சுவிட்ச் (நெட்வொர்க்குகளுக்கு நடுவே வழியும் காட்டும் சுவிட்ச்), நடுவே ஃபைபர். மொத்தம் பதினொரு விலான்கள், அதாவது ஒரே சுவிட்சில் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்.

விலான்கள் தனித்தனியாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ரூட்டிங் அட்டவணை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) ஒன்றுதான். வரவேற்பறை வைஃபையில் வந்து உட்காரும் பார்வையாளரின் கைபேசிக்கும் சி.டி. ஸ்கேன் கருவிக்கும் நடுவே நிற்பது 140 வரி ஏசிஎல் (யார் யாரோடு பேசலாம் என்ற அனுமதிப் பட்டியல்) மட்டுமே. அதில் பாதியை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எந்த வரியை எடுத்தால் எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்கேன் கருவியை இயக்கும் கணினியில் இன்னும் விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அதில் கை வைத்தால் உத்தரவாதம் செல்லாது என்கிறார்கள் கருவியை விற்றவர்கள்.

அதனால் ஆபீஸ், கருவி, விருந்தினர் என்று மூன்று விஆர்எஃப், அதாவது ஒரே சுவிட்சுக்குள் ஒன்றையொன்று அறியாத மூன்று ரூட்டிங் அட்டவணைகள், உருவாக்கினேன். ஆபீஸ் முகவரிகள் 10.10 என்றும் கருவிகளின் முகவரிகள் 10.20 என்றும் தொடங்கும். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு வீட்டிலிருந்தபடியே வேலையைத் தொடங்கினேன். முதல் இன்டர்ஃபேஸை (சுவிட்சில் ஒரு விலானின் வாசல்) விஆர்எஃப்பில் சேர்த்த நொடியில் அதன் ஐபி முகவரி அழிந்தது. நான் உள்ளே நுழைந்திருந்ததும் அதே இன்டர்ஃபேஸ் வழியாகத்தான். சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சுலோசனா முதலியார் பாலத்தின் மேல் பைக்கில் போனபோது நேரம் பன்னிரண்டரை.

அங்கே போய் ஸ்கேன் கருவிக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) அனுப்பினேன், பதில் இல்லை. கருவியே செத்துவிட்டதோ என்று வியர்த்தது. பிங் கட்டளையிலும் விஆர்எஃப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

இப்போது இரண்டு சிக்கல்கள். ஒன்று, கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் ஆபீஸ் பக்கம் இருக்கிறது. கருவிப் பக்கம் உள்ள ஆய்வகக் கணினிகளுக்கு முகவரி கிடைப்பதில்லை. இரண்டு, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வர் கருவி விஆர்எஃப்பில் இருக்கிறது. மருத்துவர்களின் கணினிகளோ ஆபீஸில். காலை எட்டு மணிக்கு எலும்பு மருத்துவர் போட்ட சத்தத்தில், பேக்ஸ் சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் அட்டையைச் செருகி அதை ஆபீஸிலும் இணைத்துவிட்டேன். படம் வருகிறது. ஆனால் மனம் ஒப்பவில்லை. சரியான வழி எது?

மூன்றாம்அடுக்கு எழுதியது:

தம்பி, மனம் ஒப்பாதது சரிதான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அந்தச் சர்வரை நிறுத்தியிருக்கிறீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் பிரிட்டன் அரசு மருத்துவமனைகளுக்குள் போனது நினைவிருக்கும். கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் திறந்திருந்த விண்டோஸிலிருந்து பக்கத்து விண்டோஸுக்குத் தாவியது அது. ஆபீஸ் கணினி ஒன்றிலிருந்து அப்படி ஒன்று உங்கள் பேக்ஸுக்கு ஏறினால், அடுத்த வாசல் விண்டோஸ் 7 கருவி. நடுவே ரூட்டிங்கே இல்லை என்பதால் விஆர்எஃப் அதைப் பார்க்கக்கூடப் போவதில்லை. முதலில் அந்த அட்டையைக் கழற்ற வழி பாருங்கள்.

ஐபி அழிந்ததற்கு வருந்த வேண்டாம். சிஸ்கோ சுவிட்சில் அது இயல்பு. விஆர்எஃப் சேர்த்துவிட்டு முகவரியை மறுபடி கொடுக்க வேண்டும். எல்லோரும் ஒருமுறை இதில் விழுந்து எழுந்தவர்கள்தான். அடுத்த முறை தொலைவிலிருந்து செய்வதானால், பத்து நிமிடத்தில் தானாக ரீலோட் (மறுதொடக்கம்) ஆகும்படி முதலில் குறித்துவையுங்கள். அமைப்பைச் சேமிக்காமல் வேலை செய்யுங்கள். வேலை ஒழுங்காக முடிந்தால் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமியுங்கள். அறுந்துபோனால் சுவிட்ச் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் மருத்துவமனையின் கோர் சுவிட்ச் ரீலோட் ஆவதும் சிறிய விஷயம் இல்லை. உங்கள் பைக்தான் பாதுகாப்பு என்றும் சொல்லலாம்.

டிஎச்சிபிக்கு வருகிறேன். ஹெல்பர் முகவரியில் (கணினியின் கோரிக்கையை எந்தச் சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று சுவிட்சில் சொல்லும் வரி) ஆபீஸ் விஆர்எஃப்பின் பெயரைச் சேர்த்தால் கோரிக்கை சர்வருக்குப் போய்விடும். அதோடு முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சர்வர் பதிலை அனுப்புவது கருவி விலானின் கேட்வே (வெளியே போகும் வாசல்) முகவரிக்கு, அதாவது 10.20 என்று தொடங்கும் முகவரிக்கு. ஆபீஸ் அட்டவணையில் 10.20க்கு வழியே கிடையாது. போன கடிதத்துக்கு மறுகடிதம் வராது. பதில் திரும்ப ஒரு வழி இருந்தாக வேண்டும்.

பேக்ஸுக்கு இரண்டு வழிகள். ஒன்று ரூட் லீக்கிங், அதாவது ஒரு அட்டவணையின் வழியை இன்னொன்றுக்குக் கசியவிடுவது: ரூட் டார்கெட் என்ற அடையாளக் குறி கொடுத்து, பேக்ஸின் ஒற்றை முகவரியை மட்டும் ஆபீஸுக்கும், மருத்துவர்களின் சப்நெட்டை (முகவரித் தொகுதியை) மட்டும் கருவிப் பக்கமும் இறக்குமதி செய்வது. பக்கத்தில் பேச வேறு ரூட்டர் இல்லாவிட்டாலும் சிஸ்கோவில் இதற்கு ஒரு பிஜிபி (ரூட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) ஓட வேண்டும். ஆனால் லீக்கிங் வழியைத்தான் திறக்கும். அதில் யார் என்ன கொண்டுபோகிறார் என்று கேட்காது. 445ம் சேர்ந்தே போகும். மறுபடி ஏசிஎல் எழுத உட்காருவீர்கள்.

நான் சொல்வது இரண்டாவது வழி. ஒவ்வொரு விஆர்எஃப்பிலிருந்தும் ஃபயர்வாலுக்கு (எது போகலாம் என்று சோதித்து விடும் கருவி) ஒரு துணை இன்டர்ஃபேஸ். ஒவ்வொன்றின் டிஃபால்ட் ரூட்டும் (வேறு வழி தெரியாதபோது போகும் வழி) ஃபயர்வாலை நோக்கி. மருத்துவர் சப்நெட்டிலிருந்து பேக்ஸுக்கு, மருத்துவப் படங்களுக்கான டைகாம் போர்ட் 104 அல்லது 11112, உலாவி வழியாகப் பார்ப்பதானால் 443, இவ்வளவுதான் அனுமதி. டிஎச்சிபியும் அதே வழியாகப் போய்த் திரும்பலாம்; ஹெல்பரில் விஆர்எஃப் பெயர்கூட வேண்டியதில்லை. ஸ்கேன் கருவியும் பேக்ஸும் ஒரே விஆர்எஃப்பில் இருப்பதால் கனமான படங்கள் ஃபயர்வாலைத் தொடாமலே போய்ச் சேரும். அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

இரவுப்பணி எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாம் ஃபயர்வாலுக்குத்தான் போகப் போகிறது என்றால் விஆர்எஃப் எதற்கு? அந்த விலான்களின் கேட்வேயை ஃபயர்வாலிலேயே வைத்தால் போதுமே. ஒரு ஆளாகப் பராமரிக்கும் இடத்தில் மூன்று அட்டவணைகள் என்றால், சிக்கல் வரும் இரவில் மூன்று இடங்களில் தேட வேண்டும். என்டிபி (நேரத்தை ஒத்திசைப்பது), சிஸ்லாக் (பதிவுகளை அனுப்புவது) என்று ஒவ்வொன்றுக்கும் எந்த விஆர்எஃப் வழியாகப் போக வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டும்.

மூன்றாம்அடுக்கு எழுதியது:

ஒரே கட்டடம் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இங்கே இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ரூட்டிங் இருக்கிறது. கேட்வேயை ஃபயர்வாலுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பதினொரு விலான்களையும் ஃபைபர் மீது லேயர் 2ஆக, அதாவது நடுவே ரூட்டிங் இல்லாமல், இழுக்க வேண்டும். புதிய கட்டடத்தில் யாராவது ஒரு கேபிளின் இரு முனைகளையும் சுவரிலேயே செருகினால், செய்திகள் சுற்றிச் சுற்றி வந்து பழைய கட்டடமும் சேர்ந்து படுக்கலாம். ஒரு கட்டடத்துக்குள் ஆய்வகக் கணினி பேக்ஸோடு பேசுவதும் ஃபயர்வாலுக்குப் போய்த் திரும்பும்.

விஆர்எஃப் என்றால் ஃபைபரில் மூன்று இணைப்பு விலான்கள், மூன்று ஓஎஸ்பிஎஃப் (சுவிட்சுகள் வழிகளைத் தமக்குள் அறிவிக்கும் நெறிமுறை) செயல்பாடுகள்; அவ்வளவுதான். மூன்று வரை கையால் தாங்கும். பத்தைத் தாண்டும்போதுதான் எம்பிஎல்எஸ் (பல விஆர்எஃப்களைக் குறியிட்டு ஒரே இணைப்பில் சுமக்கும் முறை) பக்கம் போகத் தோன்றும்; 2006இல் வந்த ஆர்எஃப்சி 4364 என்ற தரநிலை ஆவணம் அந்தக் கதை. உங்களுக்கு வேண்டாம்.

என்டிபி, சிஸ்லாக் பற்றி இரவுப்பணி சொன்னது உண்மை. சிஸ்லாக் நின்றுபோனதை ஒரு இடத்தில் நாங்கள் மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

பொருநைக்கரை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஃபயர்வால் வழியையே எடுத்தேன், இந்த முறை மருத்துவமனையிலேயே உட்கார்ந்து. முகவரிகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். டிஎச்சிபி சரியாகிவிட்டது. சிஸ்லாக் பார்த்தேன், அதுவும் ஞாயிறு இரவோடு நின்றுதான் போயிருந்தது.

பேக்ஸில் முதலில் 104 மட்டும் திறந்தேன். படங்கள் வரவில்லை. ஃபயர்வால் பதிவில் பார்த்தால் மருத்துவர்களின் கணினிகள் 11112இல் தட்டிக்கொண்டிருந்தன. அதைத் திறந்ததும் வந்துவிட்டன. இரண்டாவது அட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எலும்பு மருத்துவருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. ஒரு அல்ட்ராசவுண்ட் கருவியில் யாரோ கேட்வே முகவரியின் கடைசி எண்ணை 254 என்று நிலையாகப் போட்டுவைத்திருக்கிறார்கள், என்னுடையது 1. கருவியின் கடவுச்சொல் அதை விற்றவர்களிடம்தான் இருக்கிறது. பேக்ஸ் வேறு சப்நெட்டில் இருப்பதால் அந்தப் படங்களைச் செவிலியர் பென்டிரைவில் எடுத்துப் போகிறார். அவர்களுடைய பொறியாளர் வரும்வரை சுவிட்சில் அந்த விலானுக்கு 254ஐ இரண்டாவது முகவரியாகக் கொடுத்துவைக்கலாமா?

மூன்றாம்அடுக்கு எழுதியது:

கொடுக்கலாம். கருவி விஆர்எஃப்பில் அந்த இன்டர்ஃபேஸிலேயே செகண்டரியாகப் போடுங்கள். 254 வேறு எந்தக் கருவியிடமாவது இருக்கிறதா என்று முதலில் பிங் அனுப்பிப் பாருங்கள். விஆர்எஃப் பெயரோடு.